கீழ் வகுப்புப் பந்தயங்களில் ஓடும் குதிரைகள்: வாசகர் கேள்விகள்

கே: நான் கவனித்துவரும் குதிரை கடைசி நான்கு ஓட்டங்களில் 6, 5, 7, 4 என்று வந்திருக்கிறது. இன்னும் நம்பலாமா?

ப: எத்தனையாவதாக வந்தது என்பதைவிட, ஜெயித்த குதிரைக்குப் பின்னால் எத்தனை லென்த்தில் வந்தது என்று பாருங்கள். ஒரு லென்த் என்றால் ஒரு குதிரையின் நீளம், சுமார் 2.4 மீட்டர். மூன்று லென்த்தில் தோற்ற ஏழாவது குதிரை, எட்டு லென்த்தில் தோற்ற இரண்டாவது குதிரையைவிட எனக்குப் பிடித்தமானது. அப்புறம், வீடியோவில் கடைசி 200 மீட்டரைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாருங்கள். சாட்டை படாமலே முன்னேறுகிறதா, தலையைத் தூக்கி வாலைச் சுழற்றி முரண்டு பிடிக்கிறதா? முதலாவது என்றால் காத்திருங்கள்.

கே: மேல் வகுப்பில் ஓடிய குதிரையைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். சுலபமாக ஜெயிக்குமா?

ப: ஏன் இறக்கினார்கள் என்று முதலில் பாருங்கள். ஹேண்டிகேப்பில் (திறமைக்கு ஏற்ப எடை சுமக்கவைக்கும் பந்தயத்தில்) ரேட்டிங், அதாவது திறமை மதிப்பெண், படிப்படியாகக் குறைந்து இறங்கியிருந்தால் நல்லதே, எதிரிகள் லேசாகிவிட்டார்கள். கிளெய்மிங் ரேஸ் கதை வேறு. அதில் ஓடும் குதிரையைக் குறித்த விலைக்கு யாரும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். போன மாதம் ஜெயித்த குதிரையை இந்த மாதம் பாதி விலைக்கு அங்கே ஓடவிட்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். முன்னங்கால் தசைநாண் கிழிந்தால் ஆற 9 முதல் 12 மாதம் ஆகும். அவ்வளவு நாள் தீவனம் போட எல்லா முதலாளிக்கும் மனம் வராது. ரேஸுக்கு முன் குதிரையைச் சுற்றி நடத்தும்போது தலையைக் கவனியுங்கள். வலிக்கும் முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும். ஒவ்வொரு சுற்றிலும் அப்படி எழும்பினால் பழைய வெற்றிகளையெல்லாம் மறந்துவிடுங்கள்.

கே: இந்தத் தடவை குதிரை சுமக்கும் எடை 3 கிலோ குறைகிறது. பெரிய உதவியா?

ப: தூரத்தைப் பொறுத்தது. ஒரு மைலில் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு லென்த் என்பது நடைமுறைக் கணக்கு. 5 பர்லாங்கில் (சுமார் ஒரு கிலோமீட்டர்) பலன் அதைவிடக் குறைவு.

கே: எங்கள் குதிரைக்கு 8 வயது. ஓய்வு கொடுத்துவிடலாமா?

ப: பந்தயக் குதிரையின் உச்சம் 4, 5 வயதில். ஆனாலும் கால்களில் காயம், வீக்கம் இல்லாமல் இருந்தால் 8 வயதிலும் கீழ் வகுப்பில் ஜெயிக்கும். ஓட்டத்துக்கு மறுநாள் காலையில் தீவனத் தொட்டியை நீங்களே போய்ப் பாருங்கள். துடைத்து வைத்ததுபோல் இருந்தால் சரி. ஒவ்வொரு தடவையும் மீதி வைத்து, மூலையில் திரும்பி நின்றால் நிறுத்திவிடுங்கள். 25 வயதுவரை வாழக்கூடிய உயிர் அது.