முழங்கால் நோவோடு மரதன்: கேட்டவர்களுக்குப் பதில்

மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் விடியக்காலை ஓடுகிறவர்களைப் பற்றிப் போன கிழமை எழுதினேன், வந்த கேள்விகளில் முக்கால்வாசி முழங்காலைப் பற்றியவை. நான் 17 வருடமாக பிசியோதெரபி வேலையில் இருக்கிறேன். என் வலது முழங்காலிலும் சில்லுக்குப் பின்னால் நோ உண்டு, அதோடுதான் மூன்று மரதன் ஓடி முடித்தேன். எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடத்து ஐந்து கிலோமீற்றர் ஓட்டத்தையும் மரதன் என்றுதான் சொல்வோம், இங்கே நான் பேசுவது 42.195 கிலோமீற்றரைப் பற்றி.

ஆரையம்பதி, வயது 34: அண்ணா, படி இறங்கும்போதும் கனநேரம் இருந்துவிட்டு எழும்பும்போதும் முழங்காலின் முன்பக்கம் நோகுது. ஒக்டோபரில் கொழும்பில் ஓடலாம் என்றிருந்தேன். வீட்டில் ஓட்டத்தை நிப்பாட்டச் சொல்கிறார்கள்.

நிப்பாட்ட வேண்டாம், குறையுங்கள். நீங்கள் சொல்வது ஓடுகிறவர்களுக்கு அதிகம் வருகிற முழங்கால் சில்லு நோ மாதிரி இருக்கிறது, பெரும்பாலும் கால் பழகுவதற்கு முதல் தூரத்தையோ வேகத்தையோ கூட்டினதால் வருவது. முழு ஓய்வு எடுத்தால் நோ போய்விடும், ஆனால் தொடைத் தசையும் சேர்ந்து இளகிவிடும், திரும்ப ஓடத் தொடங்கின மூன்றாம் நாளே அதே நோ வந்து நிற்கும். இதை நான் எத்தனையோ பேரில் பார்த்துவிட்டேன்.

நோவுக்கு 0 முதல் 10 வரை நீங்களே புள்ளி போடுங்கள். ஓடும்போது 3 வரை போனால் பரவாயில்லை, அதற்கு மேல் போனால் அன்றைக்கு நடந்து வீட்டுக்கு வாருங்கள். அதைவிட முக்கியமானது மறுநாள் காலை. எழும்பிப் படியில் இறங்கிப் பாருங்கள், முதல்நாள் ஓடுவதற்கு முன் இருந்த அளவுக்கு நோ திரும்பியிருந்தால் நேற்றைய தூரத்தை முழங்கால் ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம், கூடியிருந்தால் தூரம் அதிகம். என்னிடம் வருகிற எல்லாருக்கும் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். கைக்கடிகாரம் காட்டும் எந்தக் கணக்கையும்விட நான் இதைத்தான் நம்புகிறேன்.

அதோடு கிழமைக்கு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுங்கள். கதிரையில் மெதுவாக இருந்து எழும்புவது, தாழ்ந்த படியில் ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலை மெல்ல நிலத்துக்கு இறக்குவது, பக்கவாட்டில் படுத்து மேல்காலைத் தூக்குவது, இவ்வளவும் போதும். இடுப்பின் பக்கத்துத் தசை பலமில்லாவிட்டால் ஓடும்போது முழங்கால் உள்ளே சாயும், அதனால்தான் அந்தக் கடைசிப் பயிற்சி. பலன் தெரிய ஆறு கிழமையாவது பிடிக்கும், பத்தாம் நாளில் விட்டுவிடாதீர்கள். அப்புறம், அடியைச் சின்னதாக்குங்கள். நிமிடத்துக்கு 160 அடி வைக்கிறவர் அதே வேகத்தில் 168 வைத்தாலே முழங்காலில் விழும் சுமை குறைவதை உணர்வார்.

கல்முனை, வயது 52: எக்ஸ்ரே எடுத்தபோது முழங்கால் தேய்மானம் என்றார்கள். ஓடினால் இன்னும் தேயாதா சேர்?

உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது, தேய்மானம் என்ற சொல்லே அப்படித்தான் பயமுறுத்தும். தேய்வது எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு. அதற்கு இரத்தக்குழாய் கிடையாது, அமுங்கி விடுபடும்போதுதான் மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்து அது ஊட்டம் எடுக்கிறது. அளவான சுமை அதற்குச் சாப்பாடு மாதிரி. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 வீதமானவர்களுக்குத்தான் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுவாதம், அதாவது இந்தத் தேய்மானம், இருந்தது, ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 வீதம். ஆனால் போட்டி மட்டத்தில் ஓடுகிறவர்களில் அது 13.3 வீதம், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏற்கெனவே தேய்மானம் உள்ள உங்களுக்கு நான் சொல்வது, இந்த வருடம் 10 கிலோமீற்றர், அது சுகமாகப் போனால் அடுத்த வருடம் அரை மரதன், முழு மரதனை அதற்குப் பிறகு யோசிப்போம். உடம்பு எடை கூட இருந்தால் அதையும் பாருங்கள், ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு ஏறத்தாழ நான்கு கிலோ சுமை குறைகிறது.

கல்லடி: ஆறாவது கிலோமீற்றரில் முழங்காலின் வெளிப்பக்கம் கத்தியால் குத்துவது மாதிரி வரும், நின்றால் போய்விடும். தார் ரோட்டை விட்டுக் கடற்கரை மணலில் ஓடினால் சரிவருமா?

வெளிப்பக்கம், ஒரே தூரத்தில் வருவது, நின்றால் போவது, மூன்றும் சேர்ந்தால் இடுப்பிலிருந்து முழங்கால் வரை தொடையின் வெளிப்பக்கமாக இறங்கும் பட்டியைத்தான் நான் சந்தேகிப்பேன். நீங்கள் காத்தான்குடிப் பக்கம் போகும் ரோட்டில் எப்போதும் ஒரே ஓரமாகவா ஓடுகிறீர்கள்? மழைநீர் வடிய ரோட்டின் ஓரம் சரிந்திருக்கும், ஒரு கால் எப்போதும் பள்ளத்தில்தான் விழும். கடற்கரையிலும் அதே சரிவு உண்டு, ஈர மணலில் போகும்போது ஒரு பக்கம் வந்த தூரத்தை அப்படியே திரும்பியும் ஓடுங்கள். காய்ந்த மணல் கெண்டைக்காலைப் பிழிந்துவிடும், 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இப்போதைக்கு நோ தொடங்கும் தூரத்துக்கு முன்னாலேயே நிறுத்துங்கள், மட்டமான மைதானம் கிடைத்தால் அங்கே ஓடுங்கள்.

திருக்கோவில், வயது 48: தம்பி, நான் வருடாவருடம் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறனான். காலையில் முழங்கால் இறுகிக் கிடக்கும், கொஞ்ச நேரம் நடந்தால் இளகும். மகன் அரை மரதன் ஓடுகிறான், எனக்கும் ஆசையாக இருக்கு. ஏலுமா?

அக்கா, உகந்தையில் இருந்து குமணக் காடு தாண்டி நடந்த கால் உங்களுடையது, உங்களுக்கு இருக்கிற அடித்தளம் இங்கே கேள்வி கேட்ட இளைஞர்கள் பலருக்கு இல்லை. ஏலும். காலை இறுக்கம் அரை மணித்தியாலத்துக்குள் இளகினால் பெரும்பாலும் வயதோடு வரும் மூட்டுவாதம். அதற்கு மேல் நீடித்தாலோ கைவிரல் மூட்டுகளும் வீங்கினாலோ இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், அதைத் தள்ளிப் போடாதீர்கள். ஓட்டத்துக்கு, நாலு நிமிடம் நடை ஒரு நிமிடம் ஓட்டம் என்று தொடங்குங்கள். ஓட்டத்துக்கு நடுவே நடப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் காலவே இந்த முறையைத்தான் ஆயிரக்கணக்கானோருக்குச் சொல்லிக் கொடுத்தார். மகனை உங்கள் வேகத்துக்கு வரச் சொல்லுங்கள்.

சாய்ந்தமருது: புட்போல் விளையாடி முழங்காலுக்குள் இருக்கும் சிலுவைத் தசைநார் அறுந்து சத்திரசிகிச்சை செய்து ஐந்து மாதம். ஓடலாமா?

உங்களுக்குச் சத்திரசிகிச்சை செய்த வைத்தியரும் சம்மதித்து, வீக்கம் இல்லாமல், ஒற்றைக் காலில் கதிரையில் இருந்து எழும்ப முடிந்தால் மெல்லோட்டம் தொடங்கலாம். புட்போலுக்கு ஒன்பது மாதமாவது பொறுங்கள். மரதனை இந்த வருடக் கணக்கில் எடுக்கவே வேண்டாம் தம்பி.

காத்தான்குடி: நோன்பு காலத்தில் பயிற்சியை விட்டால் முழங்கால் பழையபடி ஆகிவிடுமோ என்று பயம்.

ஆகாது. அந்த மாதம் தூரத்தைப் பாதியாக்கி, நோன்பு திறந்து இரண்டு மணித்தியாலம் கழித்தோ தராவீஹ் தொழுகைக்குப் பிறகோ ஓடுங்கள். தசைப் பயிற்சியை மட்டும் விடாதீர்கள், அதற்கு 20 நிமிடம் போதும். பெருநாள் முடிந்த கையோடு பழைய தூரத்துக்குப் பாய்வதில்தான் ஆபத்து, மூன்று கிழமையில் படிப்படியாக ஏறுங்கள்.

செங்கலடி: நீண்ட ஓட்டத்துக்கு முன் நோ மாத்திரை போட்டால் என்ன?

தயவுசெய்து வேண்டாம். என் முதல் மரதனுக்கு இரண்டு கிழமைக்கு முன் டைக்ளோபினாக் போட்டுக்கொண்டு 28 கிலோமீற்றர் ஓடினேன். ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை, அடுத்த நாள் முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது, அந்தப் போட்டியும் போனது, அதற்குப் பிறகு நாலு மாதமும் போனது. நம்முடைய அளவுகோலே அந்த நோதான், அதை மூடிவிட்டு எதை வைத்து அளப்பது? கச்சான் என்கிற சூடான வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில் வியர்த்து உடம்பு வற்றியிருக்கும்போது இந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பழுதாக்கலாம். ஒக்டோபர் போட்டிக்குப் பயிற்சி எடுப்பது சரியாக அந்த மாதங்களில்தான், அதனால் காலை ஆறு மணிக்குள் ஓட்டத்தை முடியுங்கள், நீண்ட ஓட்டத்தில் ஜீவனி (உடம்பு வற்றாமல் இருக்கக் குடிக்கும் உப்புக் கரைசல் தூள்) கரைத்துக் கையில் கொண்டு போங்கள்.

வாழைச்சேனை: எப்போது கட்டாயம் வைத்தியரிடம் போக வேண்டும்?

முழங்கால் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால், நடக்கும்போது மடிந்து விழுத்தினால், ஓடின அன்றே வீங்கினால், ராத்திரி படுத்திருக்கும்போதும் நொந்தால். சிவந்து சுட்டுக் காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

ஆரையம்பதி, மேலே கேட்டவர்: அண்ணா, இன்றைக்கு நாலு கிலோமீற்றர் சின்ன அடி வைத்து ஓடினேன். நோ இரண்டுதான். நாளைக்கு ஆறு ஓடவா?

நாளைக்கு ஓட வேண்டாம். விடிய எழும்பிப் படியில் இறங்கிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.