குறிப்பில் 'ஷல்' எழுதினால் அது விதியாகுமா?

வணக்கம் நண்பரே. அம்பத்தூரில் சென்சார் இடைமுக ஆவணம் எழுதுவதாகவும், 'கருவி 5 வினாடிக்குள் பதில் தர வேண்டும்' என்பதை 'ஷல்' (shall, கட்டாயத்தைக் காட்டும் ஆங்கிலச் சொல்) போட்டே ஒரு குறிப்பில் எழுதியும் சோதனைக் குழு அதைச் சோதிக்கவே இல்லை என்றும் கேட்டிருந்தீர்கள். கோபம் புரிகிறது, ஆனால் அவர்கள் பக்கம்தான் நியாயம்.

ஐஎஸ்ஓ, ஐஇசி என்ற பன்னாட்டுத் தர அமைப்புகள் தரநிலை எழுதுவதற்கு வைத்திருக்கும் வழிகாட்டு விதிகளின் 2ஆம் பாகப்படி உரைக்கு நடுவே வரும் குறிப்பும் எடுத்துக்காட்டும் வெறும் விளக்கம்தான், கட்டாயம் எதையும் அங்கே வைக்கக் கூடாது (அட்டவணை, படம் இவற்றின் அடிக்குறிப்பில் வைக்கலாம், இது பலருக்குத் தெரியாது). அதனால் அந்த 5 வினாடியை எண்ணிட்ட உட்பிரிவாக வெளியே எடுங்கள், ஏன் 5 என்ற காரணத்தை மட்டும் குறிப்பில் விடுங்கள்.

அப்புறம், 'மஸ்ட்' (must), 'ஷல்' இரண்டையும் கலந்திருக்கிறீர்கள், எனக்கு அதுதான் பெரிய கவலை. 1997இல் வந்த ஆர்எஃப்சி 2119இல் (ஆர்எஃப்சி என்பது இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசை) இரண்டுக்கும் ஒரே பொருள். ஐஎஸ்ஓ பாணியிலோ கட்டாயத்துக்கு 'ஷல்' மட்டும்தான், 'மஸ்ட்' என்பது சட்டம் மாதிரி வெளியிலிருந்து வரும் கட்டுப்பாட்டைச் சொல்ல. ஆர்எஃப்சி வழியில் போனால் ஆங்கிலப் பெரிய எழுத்தில் (MUST, SHALL) இருந்தால்தான் அந்தச் சிறப்புப் பொருள் என்று 2017இல் ஆர்எஃப்சி 8174 தெளிவாக்கியது. இந்த இரண்டு வழியில் எது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

சரி, அனுப்பும் முன் குறிப்புகள் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு ஒருமுறை படியுங்கள். மீதியை மட்டும் வைத்துச் சரியான கருவி செய்ய முடியவில்லை என்றால், இன்னும் ஏதோ ஒரு விதி குறிப்புக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது.