கல்வெட்டில் இல்லாத பெயர்

கேள்வி: எங்கள் சபைக்காக 25 வருடம் உழைத்தவன் நான். புது ஹால் கட்ட நன்கொடை திரட்டியதில் பாதி என் அலைச்சல். ஆனால் திறப்பு விழாக் கல்வெட்டில் கமிட்டிக்காரர்கள் எல்லார் பெயரும் இருக்கிறது, என் பெயர் மட்டும் இல்லை. சண்டை போட்டால் சபை ஒற்றுமை கெடும் என்று மனத்தாழ்மையோடு ஒதுங்கி, இப்போது குடும்பத்தோடு வேறு சபைக்குப் போகிறேன். நான் செய்தது சரிதானே?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெரம்பூர்

பதில்: கல்வெட்டில் பெயர் இல்லையே என்று வருந்துகிறவர், கடிதத்தில் பெயர் வேண்டாம் என்கிறீர்கள். சரி, போடவில்லை.

கோபித்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். அதில் பெரிய குற்றம் ஒன்றுமில்லை. உழைத்தவனை மறந்தால் யாருக்கும் வலிக்கும். அதைத் தாழ்மைக் கணக்கில் வரவு வைப்பதுதான் இடிக்கிறது. செக்ரட்டரி நாளைக்கே கொத்தனாரைக் கூட்டிவந்து உங்கள் பெயரையும் பொறித்துவிட்டால், அடுத்த ஞாயிறு பழைய பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்களா இல்லையா?

மனத்தாழ்மை என்றதும் பிரசங்கியார்கள் எடுப்பது பைபிளில் பிலிப்பியர் 2-ம் அதிகாரம். மற்றவரை உன்னிலும் மேலாக எண்ணு என்று பிலிப்பி ஊர்ச் சபைக்கு அப்போஸ்தலர் பவுல் சிறையிலிருந்து எழுதியது. அதே கடிதத்தின் 4-ம் அதிகாரத்தில் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களைப் பெயர் சொல்லியே ஒத்துப்போகச் சொல்கிறார். இருவரும் அவரோடு ஊழியத்தில் பாடுபட்டவர்கள், உங்களைப் போலவே. சபை நடுவே வாசிக்கப்படும் கடிதத்தில் நம் சண்டை வந்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்! ஆனாலும் ஒருத்தியிடம் ‘நீ வேறு ஊர்ச் சபைக்குப் போய்விடம்மா’ என்று அவர் எழுதவில்லை. இருவருக்கும் உதவும்படி இன்னொருவரைக் கேட்டுக்கொள்கிறார்.

உங்கள் சபை எந்தப் பிரிவோ தெரியாது. எதுவானாலும் கதீட்ரல் சாலையில், ஜெமினி பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தின் கதை உங்களுக்கு உதவும். 1947 செப்டம்பர் 27 அன்று, தனித்தனியாக இருந்த பல சபைப் பிரிவுகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) அங்கேதான் பிறந்தது. 1919-ல் தரங்கம்பாடியில் தொடங்கிய இணைப்புப் பேச்சு முடிய 28 வருடம் ஆனது. பேராயர் (பிஷப்) என்ற பதவியே வேண்டாம் என்று பரம்பரையாக இருந்த சபைகள் பேராயர்களை ஏற்க வேண்டியிருந்தது. பேராயர் கையால் குருப்பட்டம் பெறாதவரை ஏற்காத ஆங்கிலிக்கன்களோ (இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்தவர்கள்), மற்ற சபைப் போதகர்களை மறுபடி பட்டம் கொடுக்காமலே ஏற்க வேண்டியிருந்தது. அதற்காக இங்கிலாந்துக்காரர்கள் சிலரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். நந்தியால் பக்கத்து ஆங்கிலிக்கன்கள் வரமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள், அதுவும் நடந்தது. இணைப்புக்கு முன்னின்று உழைத்தவர்களில் ஒருவர் தோர்ணக்கல் பேராயர் வி.எஸ். அசரியா, நம் திருநெல்வேலிச் சீமைக்காரர். அந்த விழாவைப் பார்க்காமலே 1945-ல் காலமானார். உங்களுக்காவது திறப்பு விழாவைப் பார்க்கக் கிடைத்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு உங்கள் கமிட்டிக்காரர்கள் குஷியாகிவிடக் கூடாது. கட்டட நிதிக் கணக்கைக் கேட்டால் ‘தம்பி, தாழ்மை வேணும்’ என்று சொல்லி வாயை அடைக்கிற வித்தை எல்லாச் சபைகளுக்கும் தெரியும். சாதி பார்த்து ஒருவரை ஒதுக்கிவிட்டு, கேட்டால் ஒற்றுமை கெடும் என்பதும் பழைய வழக்கம்தான். அங்கெல்லாம் சும்மா இருப்பது கோழைத்தனம். சபையார் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்க வேண்டும், எத்தனை பேர் முகம் சுளித்தாலும். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கணக்கும் இல்லை, சாதியும் இல்லை. கல் ஒன்றுதான் இருக்கிறது.

ஆகவே செக்ரட்டரிக்கு போன் போட்டு, ‘எனக்கு வருத்தமா இருந்துச்சு’ என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அவர் முதலில் கூப்பிடட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மன்னிப்புக் கேட்பாரா, மழுப்புவாரா என்பது அவர் பாடு.

அப்புறம் ஒன்று. குடும்பத்தோடு போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனைவிக்குப் பெண்கள் ஐக்கிய சங்கம், பிள்ளைகளுக்குப் பாடகர் குழு, கூட்டாளிகள் எல்லாம் பழைய சபையில்தானே? அவர்கள் பெயரும்தான் கல்வெட்டில் இல்லை. கிளம்புவதற்கு முன்னால் அவர்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா?