பழைய சப்மரீனரா, புதியதா? கேள்வி பதில்

ரோலெக்ஸின் டைவிங் வாட்ச்சான சப்மரீனரில் தேதி காட்டும் எஃகு மாடல்களைப் பற்றித்தான் இந்த முறை கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. பேசப்போவது மூன்று தலைமுறைகள், ஒவ்வொன்றையும் அதன் மாடல் எண்ணால் சொல்கிறேன். 1980களின் கடைசியில் தொடங்கி 2010 வரை வந்தது 16610. 2010 முதல் 2020 வரை வந்தது 116610. 2020 செப்டம்பரில் வெளியானது 126610. மூன்றையும் கட்டிப் பழகியிருக்கிறேன். இப்போது என் கையில் இருப்பது 16610. பழையதன் மேல் எனக்குப் பாசம் உண்டு என்பதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

கேள்வி: அண்ணா, என் மணிக்கட்டு சிறியது. 40 மி.மீ. சரியாக இருக்கும், 41 பெரிதாகிவிடும் என்கிறார்கள். உண்மையா?

அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். 16610, 116610 இரண்டுக்கும் அளவு 40 மி.மீ. என்றுதான் போட்டிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே அளவு என்று நம்பவே முடியாது. காரணம், செயின் வந்து சேரும் அந்தக் காதுகள். 16610-ல் அவை ஒல்லியாக, சரிந்து இறங்கும். 116610-ல் தடித்து அகலமாகிவிட்டன. மேலிருந்து பார்த்தால் கேஸே, அதாவது வாட்ச்சின் உடம்பே, சதுரம் போலத் தெரியும். 126610-ல் காதுகளை மறுபடியும் இளைக்க வைத்தார்கள், செயின் அகலத்தை 20-லிருந்து 21 மி.மீ. ஆக்கினார்கள். அதனால் 41 என்று எழுதியிருந்தாலும், என் கண்ணுக்கு அது 116610-ஐ விடச் சிறியதாகத்தான் தெரிகிறது.

சிறிய கைக்கு முதலில் 16610, அடுத்தது 126610. 116610 கொஞ்சம் அகலமான மணிக்கட்டில்தான் அழகாக உட்காரும். கட்டிப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள்.

கேள்வி: பழைய செயின் லொடலொடவென்று ஆடுகிறது. இது குறையா, இல்லை வயதா?

இரண்டும்தான். 16610-ன் கொக்கி தகட்டை மடித்துச் செய்தது. தொடக்க கால வாட்ச்களில் கேஸோடு செயின் சேரும் முனைத்துண்டும் மடித்த தகடுதான், உள்ளே வெற்றிடம் இருக்கும். 2000-ஐ ஒட்டித்தான் அது கெட்டித் துண்டாக மாறியது. போதாததற்கு, பல வருடம் கட்டினால் கண்ணிகளுக்கு நடுவே உள்ள ஊசிகள் தேய்ந்து செயின் நீண்டுவிடும். வாட்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்துத் தூக்கிப் பாருங்கள். செயின் வளைந்து தொங்கினால் தேய்மானம் அதிகம்.

மூன்று தலைமுறைகளில் மிகப் பெரிய மாற்றம் எது என்று கேட்டால் நான் கொக்கியைத்தான் சொல்வேன். செராமிக், மெஷின் எல்லாம் அதற்கு அப்புறம்தான். 116610-ல் வந்த கிளைட்லாக் கொக்கியில் எந்தக் கருவியும் இல்லாமல், 2 மி.மீ. 2 மி.மீ. ஆக, சுமார் 20 மி.மீ. வரை நீட்டிக்கொள்ளலாம். வெயிலில் கை வீங்கினால் ஒரு படி தளர்த்தலாம், மாலையில் மறுபடி இறுக்கலாம். பழைய கொக்கியில் ஒரு குச்சியால் அழுத்தி ஸ்பிரிங் ஊசியை வேறு துளைக்கு மாற்ற வேண்டும். தினமும் கட்டுகிறவர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே புதியது போதும். பழையதை விரும்பும் நானே இதை மறுக்க முடியாது.

கேள்வி: ஐயா, 3135 மெஷினுக்கும் 3235 மெஷினுக்கும் நடைமுறையில் என்ன வித்தியாசம்?

16610, 116610 இரண்டிலும் 3135 தான். 1988-ல் வந்த மெஷின் அது. கழற்றி வைத்தால் இரண்டு நாள், அதாவது சுமார் 48 மணி நேரம் ஓடும். 126610-ல் உள்ள 3235 சுமார் 70 மணி நேரம் ஓடும். வெள்ளி மாலை கழற்றி வைத்தால் திங்கள் காலையிலும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே வாட்ச் வைத்திருப்பவர் இந்த வித்தியாசத்தை உணரவே மாட்டார். நாலைந்தை மாற்றி மாற்றிக் கட்டுகிறவருக்கு அது பெரிய நிம்மதி.

நேரத் துல்லியத்தைப் பொறுத்தவரை, 2015-லிருந்து ரோலெக்ஸ் தன் எல்லா வாட்ச்களுக்கும் சொல்லும் அளவு, நாளுக்கு கூடுதலாகவோ குறைவாகவோ 2 வினாடி. நன்றாக சர்வீஸ் செய்த 3135-ம் அதற்கு அருகில் வந்து நிற்கும். 3135-க்கு இன்னொரு பலம் உண்டு. முப்பது வருடத்துக்கும் மேலாக உலகெங்கும் கழற்றிப் பூட்டிய மெஷின் என்பதால், அதன் குணம் தெரிந்த கைகள் அதிகம்.

கேள்வி: செராமிக் பெசல் உடைந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. அலுமினியம்தான் நல்லதா?

16610-ன் சுழலும் வளையத்தில் பதித்திருப்பது வண்ணம் ஏற்றிய அலுமினியத் தகடு. கீறும், வெயிலில் வெளுக்கும். கறுப்பு மெல்ல மெல்லச் சாம்பலாகும், சிலதில் நீலம் படர்ந்தது போல இருக்கும். அதிகச் செலவில்லாமல் மாற்றக்கூடியதும் அதுதான். 116610-லிருந்து வந்த செராமிக் கிட்டத்தட்டக் கீறாது, வெளுக்காது, எண்களுக்குள் பிளாட்டினம் பூச்சு. கல் தரையில் விளிம்பு படும்படி விழுந்தால் விரிசல் விடக்கூடும், மாற்றுவதற்கும் செலவு அதிகம். ஆனால் அப்படி விழுந்தால் அலுமினிய வாட்ச்சும் சும்மா தப்பிக்காது. பயத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். உங்களோடு சேர்ந்து வயதாகும் வாட்ச் வேண்டுமென்றால் அலுமினியம். வாங்கிய நாள் போலவே இருக்க வேண்டுமென்றால் செராமிக்.

கேள்வி: நான் பார்த்த 16610-ன் டயல் புள்ளிகள் மஞ்சளாக இருக்கின்றன, இருட்டில் ஒளிரவில்லை. ரேடியம் போய்விட்டதா?

ரேடியம் என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம், ஆனால் இதில் இருப்பது ட்ரிடியம். 1990களின் பிற்பகுதி வரை அதைத்தான் பூசினார்கள். சுமார் 12 வருடத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகும். இன்று அது ஒளிராமல் இருப்பதுதான் இயல்பு. அந்த இளமஞ்சளும் வயதால் வந்ததே. நிறைய பேர் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. வாட்ச்சை நல்ல வெளிச்சத்தில் காட்டிவிட்டு இருட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். டயல் புள்ளிகள் செத்துக் கிடந்து முட்கள் மட்டும் பளிச்சென்று ஒளிர்ந்தால், முட்களைப் பின்னால் மாற்றியிருக்கிறார்கள். அது தவறல்ல, ஆனால் விற்பவர் அதைச் சொல்லியிருக்க வேண்டும். ட்ரிடியம் டயலின் அடியில் 6 மணிப் புள்ளிக்குக் கீழே ஸ்விஸ் என்பதோடு டி என்ற எழுத்தும் 25 என்ற எண்ணும் இருக்கும். பின்னால் வந்த டயல்களில் அது இருக்காது. 116610-லும் 126610-லும் இருப்பது இரவில் நீலமாக ஒளிரும் குரோமாலைட் பூச்சு.

கேள்வி: 116610, 126610 இரண்டையும் படத்தில் பார்த்து எப்படிப் பிரித்துச் சொல்வது?

டயலின் அடியைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஸ்விஸ், மேட் என்ற இரு சொற்களுக்கு நடுவில் குட்டிக் கிரீடம் இருந்தால் 126610.

கேள்வி: சார், வாங்கப்போகும் 16610-ல் கீறல் அதிகம். வாங்கியதும் பாலிஷ் போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். இது எனக்கு மனசு வலிக்கும் விஷயம். முன்பு வேறொரு 16610-ஐ சர்வீஸுக்குக் கொடுத்தேன். பாலிஷ் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காமல் வாயால் மட்டும் சொன்னேன். திரும்பி வந்தபோது கண்ணாடி போல மின்னியது. ஆனால் காதுகளின் கூரான விளிம்புகள் உருண்டு போயிருந்தன. மேல்புறத்தின் கோட்டு மெருகும் பக்கவாட்டின் பளபளப்பும் சந்திக்கும் கோடு மழுங்கியிருந்தது. போன உலோகம் திரும்பி வராது. அந்த வாட்ச்சை அப்புறம் நான் விரும்பிக் கட்டவே இல்லை.

கீறல் என்பது மேலோட்டமானது, பத்து நாளில் கண்ணுக்குப் பழகிவிடும். இரண்டு வாட்ச் கிடைத்தால், கீறலோடு தடித்த காது உள்ளதை எடுங்கள். நான்கு காதுகளும் ஒரே பருமனா என்று பாருங்கள். தொடக்க கால 16610-ல் காதுகளில் வெளித்துளைகள் இருக்கும். அந்தத் துளை காதின் விளிம்புக்கு மிக அருகில் வந்திருந்தால் நிறைய தேய்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது பாலிஷ் கூடாது என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: மூன்றுமே 300 மீட்டர்தானே? பழையதோடு நீந்தலாமா?

எழுதியிருப்பது மூன்றிலும் 300 மீட்டர்தான். ஆனால் அதைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள், அவை காய்ந்து போகும். அழுத்தச் சோதனை செய்து, சாவித் திருகை இறுக மூடிவிட்டு நீந்துங்கள். சோதனை செய்யாத பழைய வாட்ச்சை வாளித் தண்ணீரில்கூட இறக்காதீர்கள்.

கேள்வி: பச்சை மாடல்களிலும் இதே வித்தியாசங்கள்தானா?

ஆமாம். சப்மரீனரின் 50-வது ஆண்டுக்காக 2003-ல் வந்தது பச்சை அலுமினிய வளையம், கறுப்பு டயல். 2010-ல் வந்ததில் டயல், வளையம் இரண்டுமே பச்சை. 2020-ல் டயல் மறுபடி கறுப்பானது, வளையம் பச்சை செராமிக். கேஸும் மெஷினும் அந்தந்தத் தலைமுறைக்கு உரியவைதான்.

கேள்வி: முதல் சப்மரீனர், ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும். எதை எடுக்கட்டும் அண்ணா?

தினமும் கட்டுவீர்கள், பழையதைத் தேடி அலைய நேரமில்லை, யார் பொய் சொல்கிறார் என்று சோதிக்கத் தெரியாது என்றால் 126610. 5 வருட உத்தரவாதத்தோடு வரும், கொக்கியும் மெஷினும் சிறந்தவை. ஆறு மாதம் பொறுமையாகத் தேடுவேன், பத்து வாட்ச் பார்த்துவிட்டு ஒன்பதை வேண்டாம் என்பேன் என்றால் 16610. அதன் ஒல்லியான காதும், மணிக்கட்டில் ஒட்டிக்கொள்ளும் லேசான உடம்பும் வேறு எதிலும் கிடைக்கவில்லை. 116610-ன் கட்டையான தோற்றம் பிடித்துப் போனவர்கள் அதை விடவே மாட்டார்கள். உங்களுக்கும் அப்படிப் பிடித்தால் அதையே எடுங்கள். நல்ல 16610 ஏதாவது கண்ணில் பட்டால், காதுகள் தெளிவாகத் தெரியும் நாலு படங்களை எனக்கு அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.