துணியின் கரை நடுவில் வந்தால்

வாசகர் கேள்வி – பதில்

வௌவாலின் இறக்கையிலும் நம் கையிலும் ஒரே எலும்பு வரிசைதான், பரிணாமத்தின் தடயம் அது என்று சென்ற இதழில் போகிறபோக்கில் எழுதிவிட்டேன். பதினான்கு கடிதங்கள். பாதிப்பேர் என் ஆத்துமாவுக்காக ஜெபிக்கிறார்கள். மீதிப்பேர், "பிறகு எதற்குக் கோவிலுக்குப் போகிறீர்கள்?" என்கிறார்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் உபதேசியார் மகன். முப்பத்து மூன்று வருஷம் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஞாயிறுதோறும் பாளையங்கோட்டையில் பாடகர் குழுவின் கடைசி வரிசையில் கட்டைக் குரலில் பாடுகிறவன். எங்கள் சீமையில் சர்ச் என்றால் கோவில், போதகர் என்றால் ஐயர். வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.

டார்வின் மரணப் படுக்கையில் மனந்திரும்பி வேதம் வாசித்தார் என்று கன்வென்ஷனில் பிரசங்கியார் சொன்னார். விடுதியில் அதைச் சொன்னேன். நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். உண்மைதானே?
– கல்லூரி மாணவர், நாசரேத்

சிரித்தவர்கள் பக்கம்தான் நியாயம் தம்பி. வருத்தப்படாதீர்கள், அதே கதையைச் சொல்லி உங்கள் வயதில் நானும் வாங்கிக் கட்டிக்கொண்டவன். 1979ஆம் வருஷம், முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு தையற்கடை. கடைக்காரர் கறுப்புச் சட்டைக்காரர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஒரு துண்டுப் பிரசுரத்தைப் பையில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு மனிதரை மடக்கிவிடலாம் என்று போனேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மெஷினை நிறுத்தாமலே சொன்னார்: "சரி தம்பி, மனந்திரும்பினார் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் வௌவாலின் எலும்பு மாறிவிடுமா?"

அன்றிரவு தூக்கமில்லை. பிறகு தேடிப் படித்ததில் தெரிந்தது இது. டார்வின் இறந்தது 1882 ஏப்ரல் 19. லேடி ஹோப் என்ற சுவிசேஷப் பெண்மணி அவரைப் படுக்கையில் பார்த்ததாகவும், அவர் வேதத்தில் எபிரெயர் நிருபம் வாசித்துக்கொண்டிருந்ததாகவும் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் கதை வந்தது 1915இல். முப்பத்து மூன்று வருஷம் கழித்து! டார்வினின் மகள் ஹென்ரியட்டா 1922இல் இதை மறுத்து எழுதினார். அப்பாவின் கடைசி நாட்களில் பக்கத்திலேயே இருந்தவர் அவர். அந்த அம்மாள் அப்போது வரவே இல்லை என்றார். அதற்குப் பிறகும் நூறு வருஷமாக நாம் கதையை விடவில்லை.

நாசாவின் கம்ப்யூட்டர், சூரியன் நின்றதாக வேதம் சொல்கிற யோசுவா காலத்தில் காணாமற்போன ஒரு நாளைக் கண்டுபிடித்தது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதுவும் இதே சாக்கில் கிடக்கிற சரக்குதான். கோள்கள் எங்கே இருந்தன என்று இன்றிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடலாம். நடுவில் ஒரு நாள் நின்றதா என்று அந்தக் கணக்கிலிருந்து எடுக்க வழியே கிடையாது. மேடையில் அதைச் சொல்லி 'அல்லேலூயா' வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கர்த்தருக்குச் சாட்சி சொல்லப் பொய்ச்சாட்சி எதற்கு?

உங்கள் தாத்தா குரங்கா?
– பெயர் போடவில்லை, திசையன்விளை

என் தாத்தா பனையேறி. ஏறுவதில் குரங்கு அவரிடம் பிச்சை வாங்க வேண்டும். சிம்பன்சி நமக்குத் தாத்தா இல்லை ஐயா, ஒன்றுவிட்ட பங்காளி. இரு வீட்டாருக்கும் பொதுவான பாட்டன் ஒருவன், பல லட்சம் வருஷங்களுக்கு முன்னால்.

கிண்டலாகக் கேட்டாலும் பதில் சுவையானது. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றுக்கும் உயிரணுவுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் இழைகள், அதாவது குரோமோசோம், 24 ஜோடி. நமக்கு 23. ஒரு ஜோடி எங்கே போயிற்று? குரோமோசோமின் இரண்டு முனைகளிலும் டெலோமியர் என்ற ஒரே எழுத்து வரிசை திரும்பத் திரும்ப வரும். முனையில் இருக்க வேண்டிய சங்கதி அது. நம்முடைய இரண்டாம் குரோமோசோமில் அந்த வரிசை நடுப்பகுதியிலும் இருக்கிறது, முகத்தோடு முகம் மோதினாற்போல. 1991இல் கண்டுபிடித்தார்கள். இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டி ஒன்றானதன் தடயம் இது.

இதை அண்ணாச்சியிடம் போய் விளக்கினேன், அரை மணி நேரம். பல்லில் கடித்திருந்த ஊசியை எடுத்துவிட்டு, "துணியின் கரை நடுவில் வந்தால் அது ஒட்டுப்போட்ட துணி. இதற்கு இவ்வளவு படிப்பா?" என்றார்.

நான் ஆடு வளர்க்கிறவன். ஆட்டுக்குள் வகை மாறும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆடு மாடாகாது. வேதமும் 'ஜாதிஜாதியாக' என்றுதானே சொல்கிறது?
– வாசகர், கயத்தாறு

உங்கள் கொட்டிலிலிருந்தே தொடங்குவோம். கன்னி ஆடு வைத்திருப்பீர்கள். கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு விழுந்தால் பால்கன்னி, செம்பழுப்புக் கோடு என்றால் செங்கன்னி. எந்தக் கிடாயை நிறுத்துவது, எதைச் சந்தைக்கு அனுப்புவது என்று உங்கள் பாட்டனும் பூட்டனும் தேர்ந்து தேர்ந்து வந்த கோடு அது. 1859இல் வந்த டார்வினின் புத்தகமும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அவர் எடுத்துக்கொண்டது புறா. மனிதன் சில நூறு வருஷத்தில் செய்கிற தேர்வைப் பஞ்சமும் நோயும் பகையும் கோடி வருஷம் செய்தால் என்னவாகும் என்பதுதான் கேள்வி. ஆடு மாடாகும் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டும் ஒரே வேரிலிருந்து பிரிந்தவை என்கிறார்கள்.

வாயால் சொன்னால் நம்பமாட்டீர்கள். நான் நம்பியதும் கண்ணால் கண்டபிறகுதான். என் மாணவன் ஒருவன் வீட்டு ஆடு பஸ்ஸில் அடிபட்டுச் செத்தது. தோல் உரிக்குமுன் கேட்டு வாங்கி, பள்ளி ஆய்வகத்து மேசையில் போட்டோம். (கறிக்கடையில் வாங்கினால் பயனில்லை, கழுத்தை அறுக்கும்போதே நான் தேடுகிற நரம்பும் அறுந்துவிடும்.) குரல்வளையை அசைக்கிற நரம்பு அது. இடப்பக்கத்தில் வெள்ளை நூல்போல வருகிறது. மூளையிலிருந்து குரல்வளை ஒரு சாண்கூட இல்லை. நேராகப் போய்ச் சேர்ந்திருக்கலாம். போகவில்லை. குரல்வளையைத் தாண்டிக் கழுத்து முழுக்க இறங்குகிறது, நெஞ்சுக்குள் நுழைகிறது, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனிக்கு அடியில் வளைந்து திரும்புகிறது, மூச்சுக்குழாய் ஓரமாக மறுபடி மேலே ஏறிக் குரல்வளைக்கு வருகிறது. பையன்கள் சிவப்பு நூலை அதன் வழியே பிடித்துக்கொண்டே வந்தார்கள். பின்வரிசைப் பையன் ஒருவன், "சார், வண்ணார்பேட்டைக்குப் போகிறவன் மேலப்பாளையம் சுற்றிப்போகிற மாதிரி இருக்கிறது" என்றான்.

ஒட்டகச்சிவிங்கிக்கும் இதே சுற்றுத்தான், நாலு மீட்டருக்கு மேல். மீனைப் பாருங்கள், விடை கிடைக்கும். மீனுக்குக் கழுத்து இல்லை. இதயம் செவுளுக்கு அருகில். இதே நரம்பின் வழி அதற்கு நேரானது, செவுள் ரத்தக்குழாய்க்குப் பின்னால் போகிறது. காலப்போக்கில் கழுத்து நீண்டு இதயம் கீழே இறங்கியபோது, குழாயில் மாட்டிக்கொண்ட நரம்பும் கூடவே இழுபட்டது. ஆட்டைத் தனியே செய்தார், மீனைத் தனியே செய்தார் என்றால் இந்தச் சுற்றுக்குக் காரணம் சொல்ல முடியவில்லை. ஒரு வம்சம் என்றால் சொல்ல முடிகிறது.

'ஜாதிஜாதியாக' பற்றி ஒன்று. ஆதியாகமம் முதல் அதிகாரத்தைப் பொறுமையாக வாசியுங்கள். புல்லுக்கும் மரத்துக்கும் மீனுக்கும் பறவைக்கும் மிருகத்துக்கும் அந்தச் சொல் வருகிறது. மனுஷனைப் படைக்கிற வசனத்தில் மட்டும் வரவில்லை. நம் ஊர்க் கோவில்களில் இதைப் பற்றி ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை.

உலகத்தின் படைப்புக்கு ஆறு நாளா, கோடி வருஷமா? ஒன்றைச் சொல்லுங்கள். வளைக்காதீர்கள்.
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, சாயர்புரம்

கோடி வருஷம், டீச்சர். பூமிக்கு வயது 450 கோடிக்கும் மேல்.

ஆறாயிரம் வருஷம் என்ற கணக்கு வேத வசனமில்லை. ஜேம்ஸ் அஷர் என்ற அயர்லாந்துப் பேராயர் வம்ச வரலாறுகளைக் கூட்டி, உலகம் கி.மு. 4004இல் உண்டானது என்று 1650இல் எழுதினார். 1701 முதல் ஆங்கில வேதத்தின் ஓரத்தில் அந்த ஆண்டை அச்சடித்தார்கள். ஓரத்தில் இருந்தது மெல்ல மெல்ல உள்ளே வந்துவிட்டது.

நம் பேராயர் கால்டுவெல் மண்ணைப் படித்த விதம் வேறு. பாண்டியர் துறைமுகமான கொற்கை இன்று கடலை விட்டு ஆறேழு கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. அங்கே தோண்டிப் பார்த்து, தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் கடலைத் தள்ளியது என்று எழுதினார் அவர். கொற்கை தூர்ந்து காயல் வந்தது, காயல் தூர்ந்து புன்னைக்காயல் வந்தது. இது இரண்டாயிரம் வருஷக் கதைதான், அஷரை இது பொய்யாக்காது. ஆனால் பாருங்கள், இரண்டாயிரம் வருஷம் ஆறு உழைத்தும் நகர்ந்தது சில மைல்தான். இடையன்குடிக் கோவிலைக் கட்டி முடிக்கவே கால்டுவெல்லுக்கு 1847 முதல் 1880 வரை ஆயிற்று. மெதுவாக நடக்கிற வேலையின் அருமை அவருக்குத் தெரியும்.

இனி இடையன்குடியிலிருந்து உவரிக் கடற்கரைக்கு நடங்கள். அலை ஒதுக்கிய இடத்தில் மாதுளை முத்து நிறத்தில் மணல் கிடக்கும். கார்னெட் என்ற கனிமம். ஒரு பிடி எடுத்து வெயிலில் பிடித்தால் ஒவ்வொரு மணியும் கண்ணாடிபோல ஒளி விடும். கரையில் விளைந்ததில்லை அது. மேற்கே நம் மலைப் பாறைகளுக்குள், பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், தாங்க முடியாத சூட்டிலும் அழுத்தத்திலும் உருவானது. அந்தப் பாறை மேலே எழும்பி, மழையில் தேய்ந்து, கடலுக்கு வந்து, அலை அதைத் திரும்ப ஒதுக்கியிருக்கிறது. அதே பாறைகளில் மோனசைட், சிர்க்கான் என்ற கனிம மணிகளும் உண்டு. அவற்றுக்குள் அடைபட்ட யுரேனியம் மெல்ல ஈயமாகிக்கொண்டே இருக்கும். யுரேனியம்-238 பாதியாகக் குறையச் சுமார் 447 கோடி வருஷம் பிடிக்கும். எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் வயது தெரியும். நம் மலைப் பாறைகள் அந்தச் சூட்டில் வெந்து ஐம்பது கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது.

ஆறு நாளைக் கைவிட்டது டார்வினுக்குப் பயந்து என்பார்கள். நாலாம் நாளில்தான் சூரியன் வருகிறது. அதற்கு முன் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி என்று ஐந்தாம் நூற்றாண்டிலேயே திருச்சபைத் தந்தை அகுஸ்தீன் யோசித்தார். அவற்றை நாம் எண்ணுகிற நாட்களாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை. இயற்கையைப் பற்றிக் கிறிஸ்தவன் உளறினால், அதைக் கேட்கிற அவிசுவாசி உயிர்த்தெழுதலையும் நம்பமாட்டான் என்று எச்சரித்ததும் அவரே. எல்லாப் பாறையும் நோவாவின் வெள்ளத்தில் படிந்தது என்ற வாதம் இன்று இவ்வளவு பரவியிருப்பது, 1961இல் அமெரிக்காவில் ஒரு வேத பண்டிதரும் ஒரு நீரியல் பொறியாளரும் சேர்ந்து எழுதிய நூலுக்குப் பிறகுதான். பழைய விசுவாசம் என்று நாம் காக்கிறது என்னைவிட வயதில் இளையது.

பரிணாமத்தை ஏற்றால் ஆதாம் இல்லை. ஆதாம் இல்லையென்றால் பாவம் இல்லை. பாவம் இல்லையென்றால் இயேசு எதற்கு? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்திருக்கிறீர்கள். அறிவியல் கடவுளைக் கொன்று நாளாயிற்று.
– பகுத்தறிவாளர், கோவில்பட்டி

தோழரே, வந்த கடிதங்களில் கனமானது உங்களுடையது.

சிறுவயதில் ஓய்வுநாள் பள்ளியில் நான் கேட்டேன்: "ஆதாமின் மகன் காயீனுக்குப் பெண்டாட்டி எங்கிருந்து வந்தாள்?" அப்பாவிடமிருந்து கிடைத்தது ஒரு குட்டு. ஆனால் அந்தக் கேள்வியை எழுப்புவது ஆதியாகமம் நாலாம் அதிகாரமேதான். காயீன் தன்னைக் கண்டவன் எவனும் கொல்வான் என்று பயப்படுகிறான், பட்டணம் கட்டுகிறான். யாருக்காக? எபிரெயத்தில் 'ஆதாம்' என்றால் மனிதன், 'அதமா' என்றால் மண். மண்ணாங்கட்டியிலிருந்து மனிதன் என்கிற சொல்விளையாட்டோடு சொல்லப்பட்ட கதையை நான் பிறப்புச் சான்றிதழாக வாசிக்கவில்லை. பாவத்துக்கு ஆதாரம் தேடி ஏதேனுக்குப் போகவும் வேண்டியதில்லை; கோவில் நிர்வாகத்துக்கான சேகரக் கமிட்டித் தேர்தல் சமயத்தில் எங்கள் பக்கம் வந்தாலே போதும்.

ஆனால் ரோமர் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரே மனுஷனாலே பாவமும் மரணமும் வந்தன என்று பவுல் வாதிடுகிறாரே, அதை நான் தாண்டிக் குதிக்கமாட்டேன். மனிதன் வருமுன்பே கோடி கோடி உயிர்கள் செத்துப் புதைந்திருக்கின்றன. அந்த முடிச்சு எனக்கு இன்னும் அவிழவில்லை. அவிழ்ந்ததுபோல நடிக்க ஐயர் வேண்டுமானால் இருக்கிறார், நான் இல்லை.

கடைசி வரிக்கு மட்டும் எதிர்க்கேள்வி: அந்தக் கொலை எந்த ஆய்வகத்தில் நடந்தது? பாரம்பரிய விதியைப் பட்டாணிச் செடியில் கண்ட மெண்டல் ஒரு துறவி. விரிகிற அண்டத்தைச் சொன்ன லெமைத்ர் ஒரு பாதிரியார். பரிணாமத்தின் வெளிச்சமின்றி உயிரியலில் எதுவும் பொருள்படாது என்று 1973இல் எழுதிய மரபியலாளர் டொப்ஜான்ஸ்கி வைதீக (ஆர்த்தடாக்ஸ்) திருச்சபைக்காரர். இவர்களைச் சொல்வது கடவுள் உண்டென்று நிரூபிக்க அல்ல. அப்படிச் சொன்னால் எங்கள் கன்வென்ஷன் பிரசங்கியாருக்கும் எனக்கும் வித்தியாசமில்லை. இரண்டும் ஒரே தலைக்குள் குடியிருக்க இடம் உண்டு என்று காட்டத்தான். வாடகைத் தகராறு அடிக்கடி வரும், அது வேறு.

எங்கள் வாலிபர் சங்கத்தை மேடை விவாதத்துக்கு அழைக்கிறார்கள். போகலாமா?
– சங்கச் செயலர், மெஞ்ஞானபுரம்

மேடை வேண்டாம். 1860 ஜூன் 30இல் ஆக்ஸ்போர்டில் பேராயர் வில்பர்போர்ஸும் டார்வின் பக்கம் நின்ற ஹக்ஸ்லியும் பரிணாமத்தை வைத்து மோதினார்கள். இரு தரப்பும் தாங்களே ஜெயித்ததாக நினைத்துக்கொண்டுதான் வீடு போனார்கள். டீக்கடை பெஞ்சு போதும். கேட்கிறவர்களுக்கு 'சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல' ஆயத்தமாயிருங்கள் என்கிறார் பேதுரு. (உத்தரவு என்றால் இங்கே பதில்.) நம் ஆட்கள் முதல் இரண்டு சொல்லையும் தாண்டிக்கொண்டு மூன்றாவதுக்கு ஓடிவிடுகிறார்கள்.

உங்கள் பதில்களில் அடிக்கடி வருகிற தையற்கார அண்ணாச்சி உண்மையான ஆளா, கற்பனையா?
– வாசகி, பாளையங்கோட்டை

எங்கள் பாடகர் குழுவின் இருபத்திரண்டு வெள்ளை அங்கியும் அவர் தைத்தவைதான். சென்ற மாதம் எனக்குப் புது அங்கிக்கு அளவெடுத்தார். பழைய அளவு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வயிறு மட்டும் நன்றாகப் பரிணாமம் அடைந்திருக்கிறது" என்றார். கோவிலில் எல்லோருக்கும் விருந்து போடுகிற அசனப் பண்டிகைக்கும் வருஷம் தவறாமல் வருவார். ஜெபம் முடியும்வரை வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். ஆமென் சத்தம் கேட்டதும் முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுவார்.