மதுரை வெயிலில் புதுக் கார்: ஷோரூமில் நீட்டும் ஆக்சஸரீஸ் பட்டியலில் எது தேவை, எதை விடலாம்?

கேட்டவர் மதுரையில் முதல் கார் எடுக்கப் போகிறார். ஷோரூமில் ஒரு பக்கம் நிறைய ஆக்சஸரீஸ் எழுதி நீட்டியிருக்கிறார்கள். எது தேவை, எது வீண், இந்த வெயிலில் வண்டியை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. நான் மெக்கானிக் இல்லை. திருநகர் பக்கம் வீடு, சின்ன பெட்ரோல் கார், வேலைக்கும் சொந்த ஊருக்கும் ஓட்டுகிறவன். அந்த அளவுக்குச் சொல்கிறேன்.

நம்மைப் போன்றவர்களின் வண்டி ஓடுகிற நேரம் கொஞ்சம், நிற்கிற நேரம்தான் அதிகம். அதனால் நம்ம ஊரில் காரைக் கெடுப்பது ரோட்டை விட நிறுத்துகிற இடம்தான். வெயில், மரம், உப்புத் தண்ணீர், எலி. இந்த நாலுக்கும் உருப்படியாக ஒன்றும் அந்தப் பட்டியலில் இருக்காது. குரோம் பட்டையும் கதவுப் பிடிக்குப் பளபள மூடியும் இருக்கும். அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடலாம்.

வெயிலுக்கு என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது கறுப்பு ஃபிலிம். கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதற்கு உச்ச நீதிமன்றம் 2012-லேயே தடை போட்டுவிட்டது. முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி. "எல்லாரும் ஒட்டுறாங்க சார், ஒண்ணும் ஆகாது" என்று கடையில் சொல்வார்கள். அபராதம் கட்டும்போது அவர்கள் கூட வரப்போவதில்லை. நிறுத்தும்போது முன் கண்ணாடிக்கு உள்பக்கம் விரிக்கிற வெள்ளித்தாள் மாதிரி மடிப்புத் திரை கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. டேஷ்போர்டு சூடு நன்றாகக் குறையும். கத்திரி வெயிலில் மாட்டுத்தாவணியில் ஆளை இறக்க நிறுத்திவிட்டு வந்து ஸ்டியரிங்கைத் தொட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஏறியவுடன் ஏசியை முழு வேகத்தில் வைக்காமல், கண்ணாடிகளை இறக்கிக் கொஞ்ச தூரம் ஓட்டி அனல் காற்றை வெளியே அனுப்புங்கள். அதற்குப் பிறகு ஏசி சீக்கிரமே குளிரும்.

அப்படியென்றால் நிழலில் நிறுத்தலாமே என்பீர்கள். நிறுத்தலாம், ஆனால் மரம் சும்மா நிழல் தராது. எங்கள் தெருவில் புங்கையும் வேம்பும்தான். வைப்பருக்குக் கீழே கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் சல்லடை இருக்கும், பார்த்திருப்பீர்கள். புங்கம்பூ உதிர்கிற காலத்தில் அதன் சந்து முழுக்கப் பூவும் காம்பும் இறங்கி, தூசியோடு சேர்ந்து சாணி மாதிரி அடைந்துகொள்ளும். மழைத் தண்ணீர் வடிய அங்கே ஓரத்தில் ஓட்டை உண்டு. அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கி, ஏசி காற்று உள்ளே போகிற வழியாக இறங்கிக் கால் வைக்கிற இடம் ஈரமாகும். "ஏசி போட்டா ஒரு மாதிரி நாத்தம் வருது" என்று கேஸ் நிரப்பப் போகிறவர்களில் பலருக்குக் கோளாறு இங்கேதான். பானட்டைத் திறந்து கையாலேயே அள்ளிப் போட்டுவிடலாம், பழைய டூத் பிரஷ் இருந்தால் இன்னும் சௌகரியம்.

அப்படியே ஏசி ஃபில்டரையும் பார்த்துவிடுங்கள். பெரும்பாலான சின்னக் கார்களில் அது க்ளவ் பாக்ஸுக்கு, அதாவது இடது சீட்டுக்கு முன்னால் சாமான் வைக்கிற டப்பாவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. டப்பாவைக் கழற்றி, பழையதை உருவி, புதியதில் உள்ள அம்புக்குறி காற்று போகும் திசையைப் பார்க்கிற மாதிரி செருகினால் வேலை முடிந்தது. இதற்குக் கூலி கொடுக்கவே வேண்டாம். பறவை எச்சத்தை மட்டும் காயவிடாதீர்கள். வெயிலில் அது பெயிண்டை அரித்துக் கறையாகிவிடும். ஈரத்துணியை அதன் மேல் கொஞ்ச நேரம் போட்டு ஊறவைத்து எடுங்கள், சுரண்ட வேண்டாம்.

போர் தண்ணீரில் கழுவுகிறவர்கள் கழுவிய கையோடு துடைத்துவிட வேண்டும். தானாகக் காயட்டும் என்று விட்டால் கண்ணாடியிலும் கறுப்பு, நீல வண்டிகளிலும் வெள்ளை வெள்ளையாக உப்புப் புள்ளி விழும். புதிதாக இருக்கும்போது வினிகரைத் தண்ணீர் கலந்து துடைத்தால் போகும், ஒரு கோடை தாண்டினால் பாலிஷ்தான் கதி. அதே தண்ணீரை ரேடியேட்டரிலும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எஞ்சினைக் குளிரவைக்கிற திரவமான கூலண்ட் குறைந்தால் கூலண்டைத்தான் ஊற்ற வேண்டும். காய்ந்த துணியால் தூசி தட்டுகிற பழக்கமும் வேண்டாம். மேலூர் ரோட்டுத் தூசியைத் துணியால் தேய்த்தால் கோடு விழாமல் என்ன செய்யும்?

இனி எலி. ஊர்ப்பக்கம் வயலை ஒட்டி வீடு இருப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், நகருக்குள்ளும் குறைவில்லை. ராத்திரி எஞ்சின் சூட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாள் காலையில் எஞ்சின் விளக்கு எரிய, பட்டறைக்குக் கொண்டு போனேன். மெக்கானிக் பானட்டைத் தூக்கியதுமே சிரித்துவிட்டார். பேட்டரி தட்டின் ஓரத்தில் கோழி எலும்பு, கிழிந்த துணி, பாதி கொறித்த மாங்கொட்டை என்று குடும்பமே நடத்தியிருக்கிறது. ஒரு ஒயரில் தோல் உரிந்து செம்பு பளபளத்தது. "குடித்தனம் வந்தாச்சுண்ணே, வாடகைதான் வாங்கணும்" என்றார். ஒயரை ஒட்டி டேப் சுற்றிக் கொடுத்தார். புகையிலையைத் துணியில் முடிந்து கட்டச் சொன்னதும் அவர்தான். வாசம் இருக்கிற வரை கேட்கிறது, அப்புறம் மாற்ற வேண்டும். அதை விட முக்கியம், வண்டிக்குள் தின்பண்டம் வைக்காமல் இருப்பது. அழகர் கோவில் தோசையில் மிச்சம், பழனி பஞ்சாமிர்த டப்பா, குழந்தைகள் சீட்டுக்கு அடியில் போட்ட முறுக்கு, எல்லாம் அன்றைக்கே இறங்கிவிட வேண்டும். நாள் கணக்கில் வண்டி எடுக்காமல் இருந்தாலும் எலிக்குக் கொண்டாட்டம்தான்.

டயருக்குக் காற்று காலையில், வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். ஸ்டெப்னியை மறக்காதீர்கள். டயர் மாற்றும்போது பக்கவாட்டில் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. வைப்பர் ரப்பர் கோடை முழுக்கச் சும்மா வெயில் காய்ந்து விறைத்துவிடும், ஐப்பசி மழை முதல் நாளில்தான் அது தெரியவரும். புரட்டாசியிலேயே மாற்றிவிடுவது நல்லது.

சரி, பட்டியலுக்கு வருவோம். மேட் வாங்குங்கள், ஆனால் கம்பெனி மேட்டுக்கு மேல் இன்னொன்றை அடுக்காதீர்கள். நழுவிப் போய் பிரேக் பெடலுக்கு அடியில் மாட்டினால் ஆபத்து. சீட் கவர் வாங்கும் முன் சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த இடத்தில் பிரிந்து கொடுக்கிற தையல் உள்ள கவர்தான் வேண்டும். முன்னால் இரும்புக் குழாய் கார்டு வேண்டவே வேண்டாம். மோதினால் அடியை உள்வாங்க வேண்டிய பாகத்தை அது வேலை செய்ய விடாது, 2017-இலேயே மத்திய அரசு அதற்கு எதிராக உத்தரவு போட்டிருக்கிறது. ஹெட்லைட்டில் 60/55 வாட் பல்பு இருக்கும் இடத்தில் 100/90 போட்டுத் தருகிறேன் என்பார்கள். ரிலே, அதாவது பல்புக்குத் தனி ஒயரில் கரண்ட் கொடுக்கிற சுவிட்ச் இல்லாமல் போட்டால் ஒயர் சூடாகி உருகும். அதோடு வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் ஏறும்போது எதிரே வருகிறவர் கண்ணும் கூசும்.

டேஷ்போர்டு பிள்ளையார் எங்கள் வீட்டில் பெரிய பஞ்சாயத்தாகிவிட்டது. இடது பக்கம் ஏர்பேக் மூடி இருக்கிற இடத்தில் கனமான சிலையை ஒட்டினால், விரிகிற வேகத்தில் அது உட்கார்ந்திருப்பவர் முகத்தில்தான் வந்து அடிக்கும். க்ளவ் பாக்ஸில் வைத்துவிடலாம் என்றேன். "சாமியைப் போயி டப்பாக்குள்ள வச்சு அடைப்பியாடா?" என்று அம்மா கேட்டுவிட்டார். கடைசியில் நடுவில் ஏசி துவாரத்துக்கு மேலே மெல்லிய மீனாட்சி படம் ஒட்டினோம். பாண்டி கோவிலில் பூஜை போடும்போதும் மாலையை வைப்பர் மேல் தொங்கவிட்டு, கட்டுக்கம்பி பெயிண்டில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தனத்தை முன் கண்ணாடியில் டிரைவர் பார்க்கிற இடத்தில் பூச வேண்டாம்.

ரிவர்ஸ் கேமரா உங்கள் மாடலில் வராவிட்டால், பட்டியலில் நான் டிக் அடிக்கச் சொல்வது அதைத்தான். மாசி வீதிகளில் பின்னால் எடுக்கும்போது சைக்கிள், ஆட்டோ, பூக்கூடை என்று எது வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது. ஒயரை வெட்டாமல் கப்ளரில் செருகுகிற மாதிரி மாட்டச் சொல்லுங்கள். வெட்டி ஒட்டினால் வாரண்டி கேட்கும்போது அதையே காரணமாகச் சொல்லித் தட்டிக் கழிப்பார்கள்.