மூத்தாள் பிள்ளைக்கு என் பங்கை எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 61 வயது. நான் இளைய தாரமாக வந்தபோது மூத்தவரின் மகனுக்கு ஆறு வயது. சித்தி என்றுதான் கூப்பிடுவான், ஆனால் காய்ச்சல் வந்தால் என் மடியில்தான் படுப்பான். அப்புறம் எனக்கு ஒரு மகள் பிறந்தாள், கல்யாணமாகிக் கோவையில் இருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் கணவர் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். வீடு அவர் பெயரில், அவர் சம்பாத்தியத்தில் கட்டியது. ஆனால் மனை வாங்கிய பணம் மூத்தவரின் நகையை விற்று வந்தது, இதை என் கணவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். மகன் வீட்டின் முன்பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்துப் பிழைக்கிறான், நானும் என் மாமியாரும் (88 வயது) அவனோடுதான் இருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டை விற்றுப் பங்கு பிரிக்கலாம் என்கிறார். என் பங்கு எனக்கு வேண்டாம், அவனுக்கே எழுதிவிட நினைக்கிறேன். "பெற்ற பெண்ணை விட்டு மூத்தாள் பிள்ளைக்கு எழுதுவாயா, நாளைக்கு நடுத்தெருவில் நிற்பாய்" என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: தாராளமாகக் கொடுங்கள் அம்மா. ஆனால் உங்களுடையதை மட்டும் கொடுங்கள், கொடுக்கும்போது உங்களுக்கு ஒரு கூரையை எழுத்தில் வைத்துக்கொண்டு கொடுங்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் ஒருவரை வாரிசாகவே நீங்கள் எண்ணவில்லை. 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் சொந்தச் சம்பாத்தியம் மனைவி, மகன், மகள், தாய் என்று எல்லோருக்கும் சமமாகப் போகும். மூத்த தாரத்து மகன், இளைய தாரத்து மகள் என்ற வித்தியாசம் அங்கே இல்லை, அப்பாவுக்கு இருவரும் பிள்ளைகள்தான். ஆகவே வீட்டில் உங்களுக்குக் கால், மகனுக்குக் கால், மகளுக்குக் கால், உங்கள் மாமியாருக்கும் கால். உங்கள் பங்கைக் கொடுத்தாலும் மகனுக்குப் பாதி வீடுதான் சேரும்.

எனக்கு அதிகம் கவலை தருவது அந்த மாமியாரின் கால் பங்குதான். அவருக்கும் காலம் முடிந்துவிட்டால் அந்தக் கால் பங்கு அப்படியே பேரனுக்கு வந்துவிடாது. அவர் பெற்ற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பிரியும், இறந்துபோன உங்கள் கணவரின் பாகம் மட்டும்தான் அவர் பிள்ளைகள் இருவருக்கும் வரும். கணவருக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருந்தால் அவர்களும் வீட்டுக்குள் கால் வைத்துவிடுவார்கள், இன்றைக்கு நான்கு பேர் கையெழுத்தில் முடிகிற விஷயம் நாளைக்கு எட்டுப் பேரைத் தேடிப் பிடிக்கிற விஷயமாகிவிடும். பாட்டி தெளிவாக இருக்கிறார், பேரனுக்குக் கொடுக்க அவருக்கே விருப்பம் என்றால் இப்போதே செட்டில்மெண்ட் (பணம் வாங்காமல் சொத்தைக் கொடுக்கும் பத்திரம்) எழுதட்டும். நடமாட முடியாதவர் என்றால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்ய வழி இருக்கிறது. சுயநினைவோடு இருக்கிறார் என்று டாக்டரிடம் ஒரு சான்றிதழும் வாங்கி வையுங்கள், பின்னால் வழக்கு என்று வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். அவருக்கு விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள், அது அவருடைய சொத்து.

இப்போது உங்கள் பங்கு. "எனக்கு வேண்டாம்" என்று பஞ்சாயத்தில் சொல்வதோ, இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவதோ செல்லாது, அசையாச் சொத்தில் உரிமையை விடுவது பதிவாக வேண்டும். அதற்கு விடுதலைப் பத்திரம், அதாவது உங்கள் பங்கை இன்னொரு பங்குதாரருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம், ஒரு வழி, தான செட்டில்மெண்ட் இன்னொரு வழி. பத்திர எழுத்தர்கள் விடுதலையைத்தான் முதலில் சொல்வார்கள். உங்கள் விஷயத்தில் நான் செட்டில்மெண்ட் பக்கம், ஏனென்றால் அதில் "என் ஆயுள் உள்ளவரை இந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை எனக்கு உண்டு, என்னைப் பராமரிக்க வேண்டும்" என்று நிபந்தனை எழுதிக்கொள்வது சுலபம்.

அந்த ஒரு வரியைப் பத்திர எழுத்தரோ, மகனோ, கூச்சத்தில் நீங்களோ விட்டுவிடக் கூடாது. பதிவான செட்டில்மெண்டைப் பிறகு உங்கள் இஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது. ஆனால் 2007-ம் வருட மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ம் பிரிவு, அறுபது வயதைத் தாண்டியவர் பராமரிப்பு நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, நிபந்தனை மீறப்பட்டால் திரும்ப வாங்க வழி வைத்திருக்கிறது. கோட்டாட்சியர் தலைமையில் இருக்கும் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்தால் போதும், சிவில் கோர்ட்டில் வருடக்கணக்கில் அலைய வேண்டாம். நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும், வெறும் அன்பால் கொடுத்தேன் என்றால் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொன்னது. இன்னொன்று: இந்தச் சட்டத்தில் 'பெற்றோர்' என்றால் மாற்றாந்தாயும் சேர்த்திதான், அதனால் மகனிடம் பராமரிப்புக் கேட்கவும் உங்களுக்கு வழி உண்டு. அக்கம்பக்கத்தார் சொன்ன நடுத்தெருவுக்குச் சட்டத்தில் இருக்கிற பதில் இதுதான். உங்கள் மகன் அப்படிப்பட்டவன் இல்லை, சரி, ஆனால் நாளைக்கு அவனுக்கு என்ன ஆகும், கடன் யாரிடம் வாங்குவான் என்று இன்றைக்கு யாருக்குத் தெரியும்?

செலவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டில் குடும்பத்தினருக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய் என்று 2023-ல் திருத்தினார்கள். மாற்றாந்தாயும் மகனும் அந்தக் 'குடும்பத்தினர்' கணக்கில் வருவார்களா என்பதைப் பத்திரம் எழுதும் முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வராது என்றால் செலவு பல மடங்கு ஏறும். அப்போது வேறு வழியில்லாமல் உயிலைப் பற்றி யோசிக்கலாம். உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும், நினைத்தால் மாற்றியும் எழுதலாம். ஆனால் எதையுமே எழுதாமல் விடாதீர்கள். எழுதாமல் நீங்கள் போய்விட்டால் உங்கள் பங்கு முழுக்க உங்கள் வயிற்றில் பிறந்த மகளுக்குத்தான் போகும், வளர்த்த பிள்ளைக்கு ஒரு செங்கல்கூட வராது.

மகள் விஷயம் கொஞ்சம் கடினம். அவள் பங்கை நீங்கள் விட்டுக்கொடுக்க முடியாது, கேட்காதே என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை இல்லை. முன்பு குடும்பம் குடியிருக்கும் வீட்டில் பெண்கள் பாகப்பிரிவினை கேட்கச் சட்டமே தடை போட்டிருந்தது, 2005-ல் அதை எடுத்துவிட்டார்கள், நல்லதுதான். பங்கை விற்க வேண்டும் என்று அவள் சொன்னால், வெளி ஆளுக்குப் போகும் முன் அதை வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ம் பிரிவின்படி அண்ணனுக்கு உண்டு. அதனால் பேச வேண்டியது அவளுடைய கால் பங்குக்கு என்ன விலை, எத்தனை வருடத்தில் கொடுப்பது என்பதுதான். இந்தப் பேச்சில் மாப்பிள்ளையை முன்னால் உட்கார வைக்காதீர்கள், அண்ணனும் தங்கையும் பேசட்டும்.

அதற்கு முன்னால், நீங்கள் எழுதிக் கொடுக்கப் போவதை மகள் உங்கள் வாயால் கேட்க வேண்டும், பத்திரம் பதிவான பிறகு சொந்தக்காரர் யாராவது போன் போட்டுச் சொல்லி அல்ல. மூத்தவரின் நகைக் கதையை அவளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? கோர்ட்டில் அது செல்லாக்காசு, பத்திரம் கணவர் பெயரில் இருப்பதால் சட்டம் அதைப் பார்க்காது. உங்கள் மகளுக்கு அது புரியலாம். உங்கள் நகைகள் இருந்தால் அவற்றை அவளுக்கென்று சொல்லிவிடுங்கள், அவளையும் நினைத்தீர்கள் என்று தெரியட்டும்.

கேள்வி: என்னை வளர்த்த சித்தி (அப்பாவின் இரண்டாவது மனைவி) போன வருடம் இறந்துவிட்டார். அவருக்குக் குழந்தை இல்லை, உயிலும் இல்லை, அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். சித்தி தன் சம்பளத்தில் வாங்கிய வீட்டைத் தனக்கு வர வேண்டியது என்கிறார் அவருடைய தம்பி. சரியா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: சொந்தச் சம்பளத்தில் வாங்கியது என்றால் சரியில்லை. மாற்றாந்தாய்க்கு நீங்கள் 'மகன்' என்ற கணக்கில் வரமாட்டீர்கள், உச்ச நீதிமன்றம் 1987-ல் அப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் பெற்ற பிள்ளையும் கணவரும் இல்லாத பெண்ணின் சொத்து அடுத்துப் போவது கணவரின் வாரிசுகளுக்கு, அந்த வகையில் நீங்கள் வருகிறீர்கள். அவருடைய பிறந்த வீட்டு ஆட்கள் அதற்குப் பிறகுதான். சம்பாதித்தவர் அந்தப் பெண், வாரிசு கணவர் பக்கம் என்பது எனக்கு ஒப்பாத சட்டம்தான், ஆனாலும் இன்றைக்கு இருப்பது அதுதான். ஒரே விதிவிலக்கு, வீடு சித்திக்கு அவர் அப்பா அம்மாவிடமிருந்து வாரிசாக வந்ததாக இருந்தால் அது அவர் தந்தை வழிக்கே திரும்பும், தம்பி கேட்பது நியாயமாகிவிடும். கிரையப் பத்திரத்தையும், பணம் கட்டிய ரசீதுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள்.